தங்கச்சிக்கு வாங்கிய பிஸ்கட்

கோலாலம்பூரில் மூன்று நாள் சுற்றிவிட்டு இன்று புலாவ் செபாங்கில் ரயிலை விட்டு இறங்கினேன். கையில் தங்கச்சிக்கு வாங்கிய பிஸ்கட் டின்.

நான் சிறுவனாக இருந்தபோது, வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில் அப்பாவோடு மலாக்கா டவுனுக்குப் போனபோதும் அவளுக்காக ஒரு பொட்டலம் பிஸ்கட் வாங்கினேன். எஸ்டேட்டுக்குத் திரும்பும் வழியில் போலீஸ் பஸ்ஸை நிறுத்தியது. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்ட்டுகளுக்குப் போய்விடும் என்று சாப்பாட்டுச் சாமானுக்குத் தடை.

"பிடுங்கிக்குவான். நீயே தின்னுடா" என்றார் அப்பா.

ரோட்டோரம் நின்று அத்தனையும் தின்றேன். வீட்டில் தங்கச்சி என் வாயை மோந்து பார்த்து அழுதாள்.

இன்று ஸ்டேஷனுக்கு வந்தவளிடம் டின்னை நீட்டினேன்.

"எழுபது வருஷம் லேட்டு லா, அண்ணே. இப்ப எனக்கு இனிப்புநீரு, சீனியே தொடக்கூடாது!"

கடை நடத்திய காலத்தில் சரக்கை ஒருநாள்கூடத் தாமதமாக அனுப்பாதவன் நான். இதையும் நானே தின்னவா, சொல்லுங்கள்.