பூனை தின்ற பட்டு நூல்

மகள் வீட்டு நாய் போன வாரம் ஒரு காலுறையை முழுசாக விழுங்கிவிட்டது. அதற்கு வீட்டில் என்ன குறை? கறி, முட்டை, எலும்பு மாதிரி செய்த பிஸ்கட். சனியன், அதையெல்லாம் விட்டுவிட்டு மாப்பிள்ளையின் நாற்றமடிக்கிற காலுறையைத் தேடிப் போயிருக்கிறது. எனக்கு வந்த எரிச்சலில் நாலு சாத்து சாத்தியிருப்பேன், மகள் விடவில்லை. ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினோம்.

கால்நடை டாக்டர் சின்னப் பெண். ஊசி போட்டாள், நாய் காலுறையைக் கக்கிவிட்டு ஒன்றுமே நடக்காதது மாதிரி வாலை ஆட்டியது. ஏன் இப்படிக் கண்டதையும் தின்கிறது என்று கேட்டேன். பல் முளைக்கிற வயசாக இருக்கலாம், தனியாக அடைந்து கிடக்கிற சலிப்பாக இருக்கலாம், வயிற்றில் பூச்சி இருக்கலாம், மனுஷ வாசனை பிடித்தும் தின்னும் என்றாள். எங்கள் வீட்டில்கூட ஒரு பூனை நூல் தின்னும் என்று நான் வாயைக் கொடுத்தேன்.

"பூனைக்கு நூல்தான் ஆன்ட்டி ஆபத்து. வாயிலயோ பின்னாலயோ தொங்கினா இழுத்துடவே கூடாது. பாவாடை நாடாவை இழுத்த மாதிரி குடல் சுருங்கி, நூல் அறுத்துடும்" என்றாள்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். இதை ஐம்பது வருஷம் கழித்தா வந்து சொல்வது?

எழுபதுகளின் தொடக்கம். கல்யாணமாகிக் காஞ்சியில் பிள்ளையார்பாளையத்து வீட்டுக்கு வந்திருந்தேன். வீட்டில் நான், என் வீட்டுக்காரர், அவருடைய அக்கா லோகா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். இருபத்திரண்டு வயதில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தம்பியோடு வந்து தங்கியவர். பிள்ளைகுட்டி இல்லை. அவருக்கென்று இருந்தது சிட்டு என்ற பூனை மட்டும்தான்.

தறி இருந்த வீட்டிலெல்லாம் அப்போது ஒரு பூனை இருக்கும். தறியில் நெடுக்கே ஓடுகிற பாவு நூலுக்குப் போட்ட கஞ்சியின் வாசனைக்கு எலி வந்து பட்டைக் கடித்துவிடும், அதற்காக. எங்கள் சிட்டு எலியைப் பிடிக்கும், ஆனால் தின்னாது. துடைப்பக் குச்சியைத் தின்னும், பூக்கட்டின வாழைநாரைத் தின்னும், பாயின் ஓரத்தைத் தின்னும். கோயில் இட்லி வந்தால் இட்லியை முகர்ந்துகூடப் பார்க்காது, ஒட்டியிருக்கும் மந்தாரை இலையை உட்கார்ந்து மெல்லும். "ஆடாப் பொறக்க வேண்டியது, தப்பிப் பூனையாப் பொறந்துக்கினு வந்துருக்குது" என்பார் என் வீட்டுக்காரர். தெருவில் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போடும்போது, கஞ்சி தோய்ந்த துணியை ஒரு நாய் கவ்விக்கொண்டு போய்ப் பாதியைத் தின்றது. அதிலாவது சோற்று வாசனை இருந்தது. இதற்கு என்ன கேடு?

தறியில் குறுக்கே ஓடுகிற நூலைச் சின்னக் குழலில் சுற்றுவதற்குத் தார் சுற்றுவது என்று பெயர். அண்ணிக்கு நாள் முழுக்க அதுதான் வேலை. சிட்டு அவர் மடியில் கிடக்கும். எங்களிடம் நாலு வார்த்தை பேசினால் அதனிடம் நாற்பது பேசுவார். "இன்னாடி, பசிக்குதா? இருடி, இந்த ஒரு தாரு முடிச்சிட்டு வந்துர்றேன்."

எங்கள் தெருப் பெண்களுக்கு ஒரு பழக்கம். எங்கேயாவது நூல் நுனி தொங்கினால் கை சும்மா இராது. வெட்ட மாட்டோம், நயமாக இழுத்து, வருகிற வரைக்கும் வரவிட்டு, விரலில் சுற்றி எடுத்து வைப்போம். பட்டாயிற்றே, வீணாக்க முடியுமா? கல்யாண வீட்டில் முன்பின் தெரியாதவள் புடவையில் பிசிறு தெரிந்தாலும் இழுத்துவிட்டுத்தான் மறுவேலை. அதிலும் நான் பிறந்த வீட்டிலேயே தறி பார்த்தவள். என் கையில் இழை அறுந்ததே இல்லை என்று மண்டைக்கனம் வேறு.

ஒரு நாள் காலை அண்ணி குழாயடிக்குப் போயிருந்தார். கொல்லையில் சிட்டு முதுகை வளைத்துக்கொண்டு முக்கியது. வாலுக்குக் கீழே அரக்குப் பட்டு நாலு விரல் நீளத்துக்குத் தொங்கியது. நான் யோசிக்கவே இல்லை. பிடித்து இழுத்தேன். ஒரு சாண் வந்தது, அப்புறம் சிக்கியது. பூனை அலறியது. அத்தோடு விட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா? கொஞ்சம் தளர்த்தி, மறுபடி நயமாக இழுத்தேன். இன்னொரு சாண் வந்தது. பாழாய்ப்போன நூல் அறுந்தாவது போயிருக்கலாம். காஞ்சிப் பட்டு, அறுமா? பூனை உதறிக்கொண்டு ஓடியபோது நூல் கையோடு வந்துவிட்டது. அதைக் குப்பையில் போட்டுவிட்டு, நல்ல காரியம் செய்தோம் என்று கை கழுவினேன்.

சாயங்காலம் சிட்டு பாலைத் தொடவில்லை. மறுநாள் வாந்தி எடுத்தது, அதிலும் அரக்கு இழை இருந்தது. தறிக்குக் கீழே கால் வைக்கிற தறிக்குழிக்குள் போய்ச் சுருண்டு படுத்துவிட்டது. அக்கா முகத்தைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் இரண்டு நாள் தறியில் உட்காரவே இல்லை. மூன்றாம் நாள் சிட்டு செத்துப்போயிற்று.

"நான் சுத்துன நூலுமா இது. நான்தான் கீழ வுட்டுட்டேன்" என்று அண்ணி மார்பில் அடித்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "நீ ஏதனா பாத்தியாமா?" என்றார்.

"இல்லண்ணி" என்றேன். வந்து ஆறு மாசம்கூட ஆகவில்லை, பயம்.

அப்புறம் அந்த வீட்டில் பூனையே இல்லை. எலி ஒரு பாவு முழுவதையும் நாசமாக்கியபோது, "ஒரு பூனைய வளத்தாதான் இன்னா?" என்று என் வீட்டுக்காரர் கத்தினார். "என் கைக்கு வோணாம்பா" என்றார் அண்ணி. தார் சுற்றி முடித்ததும் தரையைக் கையால் தடவித் தடவித் துண்டு நூலைப் பொறுக்குவார். இடுப்பு வலி வந்த பிறகும் பொறுக்கினார். எத்தனை தடவை நானே, "போதும் வாங்கண்ணி" என்று சலித்துக்கொண்டிருக்கிறேன்!

கடைசியில் படுத்த படுக்கையாக இருந்தபோது ஒரு நாள், "அந்தச் சிட்டு கண்ணுலயே நிக்குதுமா. நானே கொன்னுட்டேன்" என்றார்.

"பூனைங்க கண்டதையும்தான் தின்னும். வுடுங்கண்ணி" என்று சொல்லிவிட்டு நான் கஞ்சி ஆற்றப் போய்விட்டேன்.

வீட்டை விற்றாயிற்று. தறிக்குழியை மூடி டைல்ஸ் போட்டிருக்கிறார்கள், பூனையைப் புதைத்த இடத்தில் யாருடைய காரோ நிற்கிறது. போகட்டும். ஆனால் அன்றைக்கே கேட்டாரே, ஏதாவது பார்த்தாயா என்று! இழுத்தது நான் அண்ணி, உங்கள் கை இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரே வீட்டில் நாற்பது வருஷத்துக்கு மேல் இருந்தோம். இப்போது யாரிடம் போய்ச் சொல்வது?