பக்கத்து சீட்டுக்கு மட்டும் பாட்டு

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களிடம் சத்தியம் செய்துகொண்டிருக்க எனக்கு நேரமில்லை. இது போன சனிக்கிழமை சாயங்காலம் என் கடையில் நடந்தது. குடித்திருந்தாயா என்று கேட்பீர்கள். டீ மட்டும்தான். அதுவும் ஆறிப்போன டீ.

பதினேழு வருடமாகக் கார்களுக்குப் பாட்டு செட் மாட்டுவதுதான் என் தொழில். சந்தேகப்படுவது என் சுபாவம். உப்பைக்கூட நக்கிப் பார்க்காமல் உப்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன் என்பாள் என் மனைவி. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று ஊரையே கேலி செய்தவன் நான். அதனால் நான் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

கார் என் தங்கையைக் கட்டிக்கொள்ளப் போகிற மாப்பிள்ளையுடையது. வருகிற வெள்ளிக்கிழமை கல்யாணம். மறுநாள் காலை இருவரும் அந்தக் காரில்தான் கிளம்புவதாகத் திட்டம். மாப்பிள்ளைக்கு வேலை இருக்கும் ஊருக்கு ஒன்பது மணி நேரப் பயணம். எனக்கு இருப்பது ஒரே தங்கை. அவள் ஒன்பது மணி நேரம் உட்காரப் போகிற கார் என்பதால், வயரிங்கிலிருந்து விளக்கு வரை நானே பார்த்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

இருபத்திரண்டு வருடப் பழைய ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு நிறம், இரண்டே கதவு, பின்னால் பேருக்கு ஒரு சீட். தரையோடு தரையாக இருக்கும். அதில் ஏறி உட்கார முடியாது, விழத்தான் முடியும்.

மாலை 4:50-க்கு மாப்பிள்ளை கொண்டுவந்து விட்டார்.

"பழைய செட்டைக் கழட்டிட்டுப் புதுசு போட்டுடுங்க மச்சான்."

"சரி மாப்ளே. பழசைப் பெட்டியில போட்டுத் தந்துடறேன்."

"வேணாம். தூக்கிப் போட்டுடுங்க."

"கம்பெனி செட்டு மாப்ளே. நாளைக்கு வண்டியை விக்கும்போது கேப்பாங்க."

"எனக்கு வேணாம் மச்சான்."

சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. சாவியை மேசையில் வைத்துவிட்டு நடந்தே போய்விட்டார்.

எனக்கு அங்கேயே உறுத்தியது. பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். கழற்றிப் போட்ட திருகாணியைக்கூடப் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு போகிற ஆட்கள். கம்பெனி செட்டை வேண்டாம் என்று சொன்னவர் இதுவரை ஒருவர்கூட இல்லை. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? தங்கையைக் கொடுக்கிற இடம். எனக்குச் சந்தேகம் வராமல் யாருக்கு வரும்?

5:25-க்கு வேலையைத் தொடங்கினேன். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பழைய செட்டையும் கழற்றுவதற்கு முன், அதில் இருக்கும் எல்லா அளவுகளையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வேன். எந்தெந்த ரேடியோ நிலையம், கனத்த ஒலி எவ்வளவு, மெல்லிய ஒலி எவ்வளவு என்று. புதிய செட்டிலும் அதையே வைத்துக் கொடுத்தால் கார்க்காரருக்குக் காது உறுத்தாது. மற்ற கடைக்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வந்தேன். கடைசியில் பேலன்ஸ். வலது கதவுக்கு எவ்வளவு சத்தம், இடது கதவுக்கு எவ்வளவு என்று பிரிப்பது அது. எல்லோரும் நடுவில், பூஜ்யத்தில் வைத்திருப்பார்கள்.

இதில் இடது ஒன்பது.

அதற்கு மேல் போகாது. அதாவது, சத்தம் மொத்தமும் இடது கதவுக்கு. ஓட்டுகிறவர் உட்காரும் வலது பக்கத்துக்கு ஒன்றுமே இல்லை.

வலது ஸ்பீக்கர் பழுதாக இருக்கும் என்று நினைத்துக் குமிழை நடுவுக்குத் திருப்பினேன். வலது ஸ்பீக்கர் மணி மணியாகப் பாடியது. ஒரு குறையும் இல்லை. அப்படியானால் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த யாரோ வேண்டுமென்றே சத்தத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறார்கள். என் தங்கை இல்லை. பாட்டு என்றால் காத தூரம் ஓடுகிறவள் அவள்.

5:40. ஒயரைத் தேடிப் பக்கத்து சீட்டுக்கு அடியில் கையை விட்டேன். ஏதோ குத்தியது. கறுப்பு ஹேர்பின். அதில் நீளமாக ஒரு முடி. என் தங்கை கழுத்தோடு முடி வெட்டி ஆறு வருடமாகிறது.

ஆக, ஒருத்தி இருக்கிறாள். இந்த சீட்டில் அடிக்கடி உட்காருகிறவள். சொந்த வீடு மாதிரி சத்தத்தைத் தன் இஷ்டத்துக்கு மாற்றுகிறவள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. ஹேர்பினைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். முதலில் வேலை, பிறகு மாப்பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

5:52-க்கு பேட்டரி இணைப்பைக் கழற்றினேன். இப்போது காரில் துளி மின்சாரம் கிடையாது. இரண்டு கம்பிகளை ஓரத்தில் குத்திப் பழைய செட்டை வெளியே இழுத்தேன். அதைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். திரும்பி வந்து வலது சீட்டில் உட்கார்ந்து, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, செட் இருந்த ஓட்டைக்குள் குனிந்தேன்.

6:05.

க்ரீச்...

கார் இடது பக்கம் லேசாகத் தாழ்ந்தது. பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தால் தாழுமே, அந்த மாதிரி.

நிமிர்ந்தேன். இடது கதவு மூடித்தான் இருந்தது. சீட் காலி.

பக்கத்துக் கடை சீட் கவர்காரர் ஞாபகம்தான் முதலில் வந்தது. நாங்கள் அவரை வெடி என்போம். விளையாட்டு என்ற பெயரில் உயிரை எடுக்கிற மனுஷன். போன மாதம் நான் சோதித்துக்கொண்டிருந்த செட்டில் தன் செல்போனை இணைத்து, ஒரு அலறலைப் போட்டு என்னைக் குதிக்க வைத்தவர். பின்னால் நின்று காரை அழுத்துகிறார் என்று நினைத்தேன்.

"வெடி, வயசுக்கேத்த மாதிரி நடந்துக்கய்யா!"

இறங்கிப் போய்ப் பார்த்தேன். அவர் கடை ஷட்டரில் பூட்டு. அப்போதுதான் ஞாபகம் வந்தது. மத்தியானமே மாமனாரைப் பார்க்க ஊருக்குப் போய்விட்டார்.

பழைய கார், ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சந்தேகக்காரனுக்குத் தன்னையே ஏமாற்றிக்கொள்ளவும் தெரியும்.

6:20-க்குப் புதிய செட்டை மாட்டி முடித்தேன். என் கையால் பெட்டி பிரித்த செட். பேட்டரியை இணைத்தேன். உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். செட்டில் நீல வெளிச்சம் வந்தது. பேலன்ஸ் பூஜ்யம். பாட்டு இரண்டு பக்கமும் சமமாகக் கேட்டது.

அப்பாடா என்று சாய்ந்தேன்.

டாஷ்போர்டில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு எரிந்தது. பக்கத்து சீட்டில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்று சொல்கிற விளக்கு. சீட்டுக்கு அடியில் எடையை உணர்கிற ஒரு தகடு இருக்கிறது. அதன் மேல் ஆள் இருந்தால்தான் அந்த விளக்கு எரியும்.

சீட்டைப் பார்த்தேன். காலி.

6:27.

டிக்.

செட்டின் திரையைப் பார்த்தேன். இடது ஒன்று.

டிக். இடது இரண்டு.

நான் எதையும் தொடவில்லை. இரண்டு கையும் என் மடியில் இருந்தன.

டிக்... டிக்... டிக்...

என் பக்கத்துப் பாட்டு தேய்ந்துகொண்டே போனது. ஆறு. ஏழு. எட்டு.

இடது ஒன்பது.

என் காதுக்குப் பக்கத்தில் நிசப்தம். அந்தப் பக்கத்தில் மட்டும் பாட்டு.

செட்டில் கோளாறு. அப்படித்தான் இருக்க வேண்டும். கையை நீட்டினேன். குமிழை நடுவுக்குத் திருப்பி, இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு நொடி... இரண்டு நொடி...

என் விரலுக்குள் குமிழ் திரும்பியது.

மெதுவாக. ஆனால் பிடிவாதமாக.

சாவியைப் பிடுங்கினேன். வெளிச்சம் போனது. பாட்டு போனது.

6:31.

பக்கத்து சீட்டில் மூச்சு விடுவது மாதிரி ஒரு சத்தம்...

பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். பார்த்தேன்.

அமுங்கியிருந்த பஞ்சு மெதுவாக மேலே எழும்பிக்கொண்டிருந்தது.

எழுந்து போகிறார்கள்.

கதவு திறக்கவே இல்லை.

எப்படி வெளியே வந்தேன் என்று கேட்காதீர்கள். ஷட்டரை இழுத்துவிட்டுத் தெருவில் நின்றுதான் மாப்பிள்ளைக்கு போன் செய்தேன். அப்போது மணி 6:38. பயத்தில் இருந்தபோதும் கோபம் போகவில்லை.

"யாரு மாப்ளே அந்தப் பொண்ணு?"

"எந்தப் பொண்ணு?"

"உங்க கார்ல பக்கத்துல உக்கார்ற பொண்ணு."

"நான் தனியாத்தானே மச்சான் ஓட்டறேன். என்னாச்சு?"

"பழைய செட்டை ஏன் தூக்கிப் போடச் சொன்னீங்க?"



"நான் ஒரு பக்கம் வச்சா அது ஒரு பக்கம் போகுது மச்சான். சொன்னா சிரிப்பீங்கன்னு சொல்லலை."

வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறதாம். தரகர் மூலம் வாங்கியதால் முந்தைய உரிமையாளர் முகத்தைக்கூடப் பார்த்ததில்லையாம். எனக்கு அதிலும் நம்பிக்கை வரவில்லை. காரின் சர்வீஸ் புத்தகத்தில் முதல் உரிமையாளரின் விலாசம் இருந்தது. அது கார் வந்ததுமே நான் எடுத்துப் பார்த்த புத்தகம். ஞாயிறு காலை பத்து மணிக்கு அந்த வீட்டு வாசலில் நின்றேன்.

அவர் ஒரு பல் டாக்டர். அறுபது வயதிருக்கும். காரைப் பற்றிப் பேச வந்தேன் என்றதும் கதவை மூடப் போனார். பேலன்ஸ் விஷயத்தைச் சொன்னேன். கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். பிறகு உள்ளே கூப்பிட்டார்.

"என் மனைவிக்கு கார்ல ஏறினா பாட்டு வேணும். எனக்குச் சத்தமே ஆகாது. தினமும் சண்டை. கடைசியில சத்தத்தை முழுக்க அவ பக்கமே தள்ளி வச்சுக்குவா. நான் பேசாம ஓட்டுவேன். பதினோரு வருஷம் அப்படித்தான்."

"இப்ப அவங்க...?"

"அன்னிக்கும் சண்டை. கொஞ்சம் பெரிய சண்டை. வழியில மருந்துக் கடையில நிறுத்தி நான் மட்டும் இறங்கினேன். பத்து நிமிஷம்தான். திரும்பி வந்தா, ஜன்னல் பக்கம் தலையைச் சாய்ச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கான்னு நெனைச்சேன்."

அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்கு நாப்பது நிமிஷம். வழி பூரா திட்டிக்கிட்டே ஓட்டினேன் தம்பி. ஒரு பதிலும் சொல்லலை. திமிர்னு நெனைச்சேன். வாசல்ல வந்து அவ பக்கத்துக் கதவைத் திறந்தப்பதான்..."

ஹேர்பினை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். மாப்பிள்ளையைச் சந்தேகப்பட்டதற்கு வெட்கமாக இருந்தது.

அன்று மாலையே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காரை விற்றுவிடுவது, சனிக்கிழமை ரயிலில் போவது என்று முடிவானது. தங்கையிடம் மட்டும் சொல்ல வேண்டாம் என்றார். பாவம், பயந்துவிடுவாள் என்று நானும் தலையாட்டினேன்.

இன்று திங்கள். காலை 8:10. தங்கை சமையலறைக்கு வந்தாள்.

"காரை விக்கப் போறாராமே. நீதான் சொன்னியாண்ணா?"

"ஆமா. வயரிங் சரியில்ல."

"நல்லதுதான். அந்தப் பின்சீட்ல காலை மடக்கி உக்கார்றதுக்குள்ள எனக்கு இடுப்பே போயிடுச்சு."

"நீ எதுக்குப் பின்னாடி உக்காந்தே?"

"போன மாசம் பத்திரிகை அடிக்கக் கொடுக்கப் போனோமே, அப்ப. முன்னாடிதான் அவரோட அத்தை யாரோ இருந்தாங்களே."

என் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன்.

"எந்த அத்தை?"

"யாருக்குத் தெரியும்? அவர் சொல்லவே இல்ல. ரெண்டு பேருக்கும் ஏதோ மனஸ்தாபம் போல. போக வர ஒரு மணி நேரம், ஒரு தடவைகூட அவர் அந்தப் பக்கம் திரும்பலை. அதான் நானும் கேக்கலை. டிரைவர் சீட்டை மடக்கிட்டுப் பின்னாடி ஏறி உக்காந்துட்டேன்."

அடுத்த நிமிடமே மாடிக்குப் போய் மாப்பிள்ளைக்கு போன் செய்தேன். முன்சீட்டில் யாரும் இல்லை என்றார். அன்று காரில் அவர்கள் இருவர் மட்டும்தானாம். வெட்கத்தில் பின்னால் போய் உட்காருகிறாள் என்று நினைத்தாராம்.

இறங்கி வந்தேன். தங்கை விருந்தினர் பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அந்த அத்தை..." என்றேன். "உன்கிட்ட ஏதாவது பேசினாங்களா?"

"பேசலை. பார்க்கப் பாவமா இருந்துச்சு. அதான் இறங்கும்போது நானே குனிஞ்சு மெதுவா சொன்னேன். கல்யாணத்துக்கு நீங்க கண்டிப்பா வரணும், வந்து எங்ககூடவே கொஞ்ச நாள் இருக்கணும் அத்தைன்னு."

"அதுக்கு?"

"சரின்னு தலையாட்டினாங்க."

கல்யாணத்துக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது.