நிறம் ஏறாத இருபத்தெட்டுக் குழிகள்

ஊசியக்காவைப் பற்றி எழுத எனக்குத் தகுதி கிடையாது. அவருக்கு வந்த கெட்ட பெயருக்குக் காரணமே நான்தான். இருந்தாலும் எழுதுகிறேன். வேறு யாராவது எழுதினால் என்னை நல்லவனாகக் காட்டிவிடுவார்கள்.

அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. கணவரின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு விடிந்ததும் கிளம்பிவிடுவார். கணவர் பால் வேன் ஓட்டுகிறார். ஒரு காலத்தில் வீட்டில் இரண்டு பசுக்கள் இருந்தன. ஒரு வருடம் கோமாரி வந்தது. வாயெல்லாம் கொப்புளம், குளம்புக்கு நடுவில் புண், இழை இழையாக எச்சில். பெரியவை இரண்டும் தேறிக்கொண்டன, பால் குடித்துக்கொண்டிருந்த கன்று தேறவில்லை. அடுத்த மாதம் கால்நடை அலுவலகத்தில் தடுப்பூசி போட ஆள் எடுத்தபோது முதல் ஆளாகப் போய் நின்றவர் அக்காதான். பதினாறு வருடம் ஆகிறது.

மாட்டைத் திட்டுகிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "இப்படி அதட்டிக் கூப்பிட்டா நீங்க வருவீங்களா? அது மட்டும் ஏன் வரணும்?" என்பார். கையை நீட்டி முகர விடுவார். பிறகு வாலைத் தூக்கி, அடியில் ஓடும் நரம்பில் ஊசியை ஏற்றி இரத்தம் எடுத்துவிடுவார். மாடு அசைபோடுவதைக்கூட நிறுத்தியிருக்காது. எனக்கு ஆஸ்பத்திரியில் ஒருமுறை இரத்தம் எடுத்தபோது நான் போட்ட கூச்சலை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இந்த வருடம் ஒரு சோதனை வைத்தார்கள். அதுவரை ஊசியே போடாத முப்பது கிடேரிகள். ஊசி போடுவதற்குச் சற்று முன் அக்கா ஒருமுறை இரத்தம் எடுக்க வேண்டும், நான்கு வாரம் கழித்து இன்னொரு முறை. ஊசி வேலை செய்திருந்தால் இரண்டாவது இரத்தத்தில் கோமாரியை எதிர்க்கும் ஆன்டிபாடி இருக்கும். அதைப் பார்ப்பது ஆய்வகத்தில் என் வேலை. இரத்தம் உறைந்ததும் மேலே தெளியும் சீரம் என்ற மஞ்சள் நீரை எடுத்து, சிறுசிறு குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் விடுவேன். இந்தச் சோதனை கொஞ்சம் ஏறுமாறானது. ஆன்டிபாடி இல்லாவிட்டால்தான் குழி நீலமாகும். இருந்தால் நிறம் ஏறாது.

இரண்டாவது சுற்று என்று மூடியில் எழுதியிருந்த பெட்டியைத்தான் முதலில் எடுத்தேன். முப்பது குழியும் மயில் கழுத்து மாதிரி நீலம். ஒன்றுகூடத் தப்பவில்லை. அறிக்கையை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு, வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன்.

கால்நடை அலுவலக அதிகாரி கெட்டவர் இல்லை. அச்சடித்த எதையும் நம்பிவிடுவார், அவ்வளவுதான். மறுநாள் காலை, பால் சேகரிப்பு நிலையத்தில் எல்லோரும் கேனோடு நிற்கும் நேரம் பார்த்துப் போய்ச் சொல்லிவிட்டார்: "ஊசி போட்டதா நோட்டுல இருக்கு. மாட்டு உடம்புல ஒண்ணுமே இல்ல. இனிமே இந்தம்மா ஊசி போட வேண்டாம்." சாயங்காலத்துக்குள் அது கைகால் முளைத்து 'தண்ணி ஊசி' ஆகிவிட்டது. பதினாறு வருடமாக "வாக்கா, உட்காருக்கா" என்றவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மூன்று நாள் அக்கா வீட்டை விட்டு வெளியே வரவில்லை. சாப்பிடவும் இல்லை என்று பிறகு அவர் கணவர் சொன்னார்.

நான்காம் நாள் காலை கணவரோடு ஆய்வகத்துக்கு வந்தார். அதிகாரியும் அங்கே இருந்தார். அழுவார், கெஞ்சுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் சோதனைப் பட்டியலைக் கேட்டு வாங்கி, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். பாதியில் விரல் நின்றது.

"பதினேழாம் நம்பர் இதுல எப்படி வந்துச்சு?"

"ஏன், என்ன?" என்றார் அதிகாரி.

"பதினேழு ஊசி போட்ட பத்தாம் நாளே வித்தாச்சு சார். ரெண்டாவது தடவ நான் இரத்தம் எடுத்தது இருபத்தொம்பதுதான்."

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்போ இல்லாத மாட்டுக்கு எங்கேருந்து இரத்தம் வந்துச்சு? ஒரே மாட்டுல எடுத்து எல்லா டியூப்புலயும் ஊத்தினீங்களா?"

கணவருக்கு முகம் சிவந்துவிட்டது. "சார், வார்த்தைய அளந்து பேசுங்க" என்று ஓரடி முன்னால் வந்தார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இருங்க. பதினேழு இருக்கிற பெட்டி மொதல் தடவ எடுத்த பெட்டி. ஊசி போடுறதுக்கு முன்னாடி எடுத்த இரத்தத்துல என்ன இருக்கும்? ஒண்ணும் இருக்காது. தம்பி, இன்னொரு பெட்டியப் பாத்தீங்களா?"

எனக்கு ஃப்ரீசர் நினைவுக்கு வந்தது. இரண்டு வாரத்துக்கு முன்பு ஃப்ரீசரில் பனிக்கட்டி மண்டிப்போய் எல்லாப் பெட்டிகளையும் வெளியே எடுத்திருந்தேன். மூடிகளைக் கழற்றி, துடைத்து, வெயிலில் காயவைத்து, திரும்பப் போட்டேன். டியூப்பில் மாட்டின் எண் மட்டும்தான் இருக்கும். எந்தச் சுற்று என்பது மூடியில்தான் இருக்கும். பெட்டிகள் எல்லாம் ஒரே அளவு, ஒரே வெள்ளை. 'டியூப்களை எண்ணிச் சீட்டோடு ஒப்பிடவும்' என்று சுவரில் ஒட்டியிருக்கிறது. எழுதி ஒட்டியதே நான்தான், ஆனால் எண்ணவில்லை.

வாயை மூடிக்கொண்டிருந்தால் என் வேலை பிழைத்திருக்கும். ஒரு நிமிடம் அப்படியும் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். அக்காவின் முகத்தைப் பார்த்தேன். மூன்று நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. எழுந்துபோய் 'முதல் சுற்று' என்று மூடியில் எழுதியிருந்த பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் திறந்தேன். இருபத்தொன்பது டியூப். பதினேழாவது இடம் காலி.

"மூடிய மாத்திப் போட்டுட்டேன் சார்," என்றேன்.

அதிகாரி என்னை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "மூடி மாறினதுனால ஊசி போட்டாங்கன்னு ஆயிடுமா? இதையும் போட்டுப் பாரு. என் கண்ணு முன்னாடி." அவர் கேட்டது நியாயம்தான். அக்காவும் தலையாட்டினார்.

மாலை நான்கு மணிக்குக் கடைசி மருந்தைத் தட்டில் விட்டேன். நான்கு பேரும் தட்டைச் சுற்றி நின்றோம். இரண்டு நிமிடத்தில் ஓரத்துக் குழிகள் இரண்டு நீலமாகத் தொடங்கின. அக்கா என் தோளை இறுக்கிப் பிடித்தார்.

"தம்பி, நீலமாகுதே!"

"அது ஆகணும்க்கா. ஊசியே போடாத வேற மாட்டோட சீரம். சோதனை சரியா நடக்குதான்னு பாக்க வெச்சது."

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். மற்ற குழிகள் தண்ணீர் மாதிரி கிடந்தன. தண்ணீரைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். அப்போது நடுவில் ஒரே ஒரு குழியில் மெல்ல நீலம் ஏறியது.

"அது என்ன?" என்றார் அதிகாரி. குரலில் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது.

"ஒன்பதாம் நம்பர்," என்றேன்.

அக்கா சிரித்தார். நான்கு நாளில் முதல் சிரிப்பு. பையிலிருந்து தன் நோட்டை எடுத்துப் பக்கத்தைப் பிரித்து அதிகாரியிடம் நீட்டினார். "நீங்களே படிங்க சார்."

அவர் சத்தமாகப் படித்தார். "ஒன்பது. உதைத்துவிட்டது. பாதிக்கு மேல் மருந்து தரையில். கையிருப்பு இல்லை. இன்னொரு ஊசி வேண்டும் என்று..." அங்கே அவர் குரல் இறங்கியது. "...அலுவலகத்தில் அதிகாரியிடம் சொல்லியாயிற்று."

தேதியும் இருந்தது. அவர் நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார். இருபத்தெட்டுக் குழிகள் அக்கா ஊசி போட்டதைச் சொல்லின. நீலமான அந்த ஒரு குழி, அவர் எழுதியதெல்லாம் உண்மை என்று சொன்னது. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. அக்காவின் கணவரும் அழுதார். அக்கா மட்டும் அழவில்லை.

"தப்பு நடந்துபோச்சும்மா," என்றார் அதிகாரி. "நாளைக்கே லெட்டர் குடுத்துடறேன்."

"லெட்டர வெச்சு நான் என்ன பண்ண? வீடு வீடாப் போய்ப் படிச்சுக் காட்டவா? எங்க நின்னு சொன்னீங்களோ அங்கயே வந்து சொல்லுங்க சார்."

மறுநாள் காலை அதிகாரி வந்தார், அதே இடம், அதே கேன் வரிசை. பால் நிலையத்துப் படியில் ஏறி நின்று, தான் சொன்னது தவறு என்றும், ஊசி ஒழுங்காகப் போடப்பட்டிருக்கிறது என்றும், ஒன்பதாம் எண் கிடேரிக்கு மறு ஊசி தராதது தன் குறை என்றும் தெளிவாகச் சொன்னார். கஷ்டமாகத்தான் இருந்திருக்கும், ஆனாலும் ஒரு வார்த்தை குறைக்கவில்லை. அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது. அடுத்து நான் ஏறி மூடிக் கதையைச் சொன்னேன். "படிச்ச புள்ளைக்கு மூடி போடத் தெரியல" என்று ஒரு குரல் வந்தது. நிலையமே சிரித்தது. சிரிக்கட்டும் என்று நின்றேன்.

சிரிப்பு அடங்கியதும் யாருக்கும் அக்காவின் முகத்தைப் பார்க்கத் தெரியவில்லை. கடைசியில், கதவைச் சாத்தியவர்களில் ஒருவர், பால் கறக்கும் பெரியவர், கேனைக் கீழே வைத்துவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் மாட்டுக் கயிறு, பின்னால் மாடு. "மொதல்ல இதுக்குப் போடும்மா," என்றார். அவரைப் பார்த்து இன்னொருவர் கிளம்பினார். அரைமணி நேரத்தில் வாசலில் மாடுகள் வரிசை கட்டி நின்றன.

அக்கா ஐஸ் பெட்டியைத் திறந்து, மருந்துப் புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, சிரிஞ்சில் நிரப்பினார். அதைக் கையில் உயர்த்திப் பிடித்தபடியே வரிசையை ஒருமுறை பார்த்தார்.

"எல்லாத்துக்கும் போடுறேன். ஆனா இனிமே எவராவது தண்ணி ஊசின்னு பேசினது என் காதுல விழுந்துச்சு, அடுத்த ஊசி மாட்டுக்கு இல்ல."

யாரும் சிரிக்கத் துணியவில்லை. அதிகாரி மட்டும் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டார்.