அப்பா தட்டிப் பார்த்த கார்

அப்பா இல்லாத முதல் ஆண்டைக் கடந்து வந்து நிற்கிறோம். இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். அப்பாவைப் பற்றி எழுதும் பொறுப்பைத் தம்பி என்னிடம் விட்டான். எழுதி எழுதிக் கிழித்தேன். எதைச் சொன்னால் அப்பா முகம் சுளிப்பார், எதை விட்டால் வருந்துவார் என்று இப்போதும் எனக்குத் தெளிவில்லை.

கண்டாச்சிபுரத்துக்கு அருகில், மானாவாரியில் மல்லாட்டை என்னும் நிலக்கடலை பயிரிட்டு வந்த குடும்பத்தில் அப்பா பிறந்தார். தந்தையைச் சிறு வயதில் இழந்ததால் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, விழுப்புரம் ரயில் நிலையத்தில் கலாசியாக, கடைநிலைத் தொழிலாளியாகச் சேர்ந்தார். பல ஆண்டுகள் உழைத்துச் சக்கரம் பார்க்கும் வேலைக்கு உயர்ந்தார். வண்டி வந்து நின்றதும் பெட்டி பெட்டியாக நடந்து, நீளக் கைப்பிடி போட்ட சுத்தியலால் சக்கரங்களைத் தட்டிக் கேட்க வேண்டும். நல்ல இரும்பு மணி போல ஒலிக்கும். விரிசல் விட்டிருந்தால் ஓசை உள்ளேயே அடங்கிவிடும். வீட்டிலும் அப்பாவுக்கு இந்தப் பழக்கம் உண்டு. குடம் வாங்கினாலும், என் திருமணத்துக்கு இரும்புக் கட்டில் வாங்கினாலும், விரலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் தலையசைப்பார்.

திண்டிவனத்துக் காரைப் பற்றி நம் உறவில் பலர் பலவிதமாகப் பேசினார்கள். அருகில் இருந்தவள் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

என் புகுந்த வீட்டுக்குப் பின்தெருவில், மூடிக் கிடந்த அரிசி மில்லின் கொட்டகையில் அந்தக் கார் நின்றது. இங்கிலாந்தில் செய்தது, மேற்கூரை கிடையாது, இருக்கைகள் இரண்டே. மில் முதலாளி வாலிப வயதில் ஆசைப்பட்டு வாங்கினாராம். அவர் காலமான பின் துருவேறிக் கிடந்தது. அதைப் பற்றித் தம்பியிடம் பேச்சுவாக்கில் சொன்னவள் நான்தான்.

தம்பி அப்போது ஒருவரிடம் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். கல்யாணங்களில் வீடியோ எடுப்பது நம் பக்கம் பரவத் தொடங்கியிருந்த நேரம். மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு திறந்த கார் கையில் இருந்தால் ஆவணி முதல் ஓய்வே இருக்காது என்று நினைத்தான். வேலையை விடப்போவதாகத் தன் முதலாளியிடமும் சொல்லிவிட்டான்.

"ரெண்டு சீட்டுதான்றியே. மாப்பிள்ளையும் டிரைவரும் ஜோடியா ஊர்வலம் போவாங்களா? பொண்ணு வீட்டுக்காரங்க யார் கழுத்துல மாலையப் போடுறது?" என்று அம்மா கேட்டார்.

"மாப்பிள்ளையும் தோழனும் பின்னால மேல ஏறி, சீட்டுல கால வெச்சிக்கினு ஒக்காருவாங்கம்மா. அப்பதான் வீடியோவுல மூஞ்சி தெரியும்."

பழுது பார்க்கத் தகுந்த வண்டிதானா என்று அப்பா சொல்லிவிட்டால் போதும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம்.

ஒரு விடுப்பு நாளில் அப்பா சுத்தியலோடு திண்டிவனம் வந்தார். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நானும் கொட்டகைக்குப் போனேன். மில் முதலாளியின் மகன் படுதாவை விலக்கினார்.

"எங்கப்பா இருந்த வரைக்கும் தெனம் தொடைச்சிக்கினு இருப்பாருங்க. அப்புறம் கோழிங்க பாத்துக்கிச்சி," என்றார்.

மட்கார்டுகளில் கை நுழையும் ஓட்டைகள். கால் வைக்கும் இடத்தில் தகடே இல்லை. எனக்குக் கலக்கமாக இருந்தது. அப்பா கலங்கவில்லை.

"தகரம் போனா தகரம் போட்டுக்கலாம்டா. அடியில முன்னாலேர்ந்து பின்னால ரெண்டு சட்டம் போவுது பாரு, அது கெட்டியா இருந்தா வண்டிக்கு உசிரு இருக்குது. இல்லன்னா பெயிண்ட்டுதான் பளபளக்கும், வண்டி ஓடாது."

காரைக் கட்டைகள் மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். அப்பா சாக்கை விரித்து அடியில் படுத்து, முன்பக்கத்திலிருந்து தட்டிக்கொண்டே போனார். கணீர் கணீரென்று கேட்டது. பின்சக்கரத்துக்கு மேலே, சட்டம் வளையும் இடத்தில் ஓசை சட்டென்று அடங்கியது. அப்பா அங்கே நிற்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் தட்டியபடியே அதைத் தாண்டிப் போய், வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லாத்தான் இருக்குது."

தம்பியின் முகம் மலர்ந்துவிட்டது. குழந்தை சிணுங்கியதில் எனக்குத்தான் சரியாகக் கேட்கவில்லையோ? அத்தனை ஆண்டு அனுபவம் உள்ளவர் சொன்ன பிறகு, வெளியார் எதிரில் மகள் மறுத்துப் பேசலாமா? ஆனால் அந்த இடத்துக்கு நேர் மேலேதான் மாப்பிள்ளையும் தோழனும் உட்காருவார்கள். ஆசைக்கு நாலு பிள்ளைகளையும் தூக்கி வைப்பார்கள்.

"அப்பா, பின்னால வளையிற எடத்துல இன்னொரு தபா தட்டிப் பாருங்கப்பா."

"யக்கா, அங்க தார் பூசி வெச்சிருக்காங்க, அதான் அப்பிடிக் கேக்குது. நீ கொழந்தைய வெளிய தூக்கிக்கினு போ," என்றான் தம்பி.

அப்பா என்னைப் பார்த்தார். மீண்டும் படுத்துத் தாரைச் சுரண்டிவிட்டுத் தட்டினார். "சரியாத்தான இருக்குது?"

"இல்லப்பா. அடங்குது."

மறுபடியும் தட்டினார். பிறகு சுத்தியலை என் பக்கம் நீட்டினார். "நீ தட்டு."

குழந்தையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து தட்டினேன். அப்பா சட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்களை மூடிக்கொண்டார். பின்பு ஒரு திருப்புளி கேட்டு வாங்கி, அந்த இடத்தில் அழுத்தினார். அது கைப்பிடி வரை உள்ளே போனது. கேப்பை மாவு போலத் துரு பொலபொலவென்று அவர் சட்டை மேல் கொட்டியது.

அப்பா காரைப் பார்க்கவில்லை. "மொத தபா தட்டினப்பவே ஒனக்குக் கேட்டிச்சா?"

"கேட்டிச்சிப்பா."

"எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்திச்சி."

தம்பி விடவில்லை. "அந்த எடத்த மட்டும் வெட்டிட்டு வெல்டிங் வெச்சிக்கலாமேப்பா."

"வேணாம்டா. ஒண்ணு தெரிஞ்சிது. தெரியாதது இன்னும் எத்தினி இருக்குதுன்னு என்னால சொல்ல முடியாது."

அன்று மாலையே நானும் அவர்களோடு விழுப்புரம் போனேன். மறுநாள் காலை அப்பா வேலைக்குரிய உடையை அணியாமல் வேட்டி சட்டையில் புறப்பட்டார். அதிகாரியைப் பார்த்துத் தன் காதைச் சோதிக்கச் சொல்லப் போவதாகச் சொன்னார்.

அம்மா வாசலை மறித்தார். "இன்னும் கொஞ்ச நாள்ல ரிட்டையர் ஆயிடுவீங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரிஞ்சிப் போச்சே. நேத்து கோட்டை விட்டது காருல. ரயில்ல விட்டா எத்தினி பேருடி?"

சோதனைக்குப் பின் அப்பாவைச் சக்கரத்திலிருந்து விலக்கி, சாமான் அறையில் போட்டார்கள். தம்பி தன் முதலாளியிடமே திரும்பிப் போக வேண்டியதாயிற்று. "ஒன் காத வெச்சிக்கினு என் பொழப்பையும் கெடுத்த, அப்பா பொழப்பையும் கெடுத்த," என்று என்னிடம் சொன்னான். அந்தக் காரை யாரோ புதுச்சேரிக்கு இழுத்துப் போனார்களாம். சரி செய்து நன்றாக ஓட்டியிருப்பார்களோ என்று இன்றும் நினைப்பேன். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அப்பா தன் சுத்தியலோடு ஓய்வு பெற்றிருப்பார். அதற்குள் ஏதேனும் ஒரு சக்கரம் அவரைத் தாண்டிப் போயிருக்குமா என்பது யாருக்கும் தெரியாது.

அப்பா அதைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு முறைதான் பேசினார். ஓய்வு பெற்று, மூச்சுத் திணறலோடு விழுப்புரம் மருத்துவமனையில் படுத்திருந்தபோது, கட்டில் கம்பியை விரலால் தட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "நல்லாக் கேக்குதுப்பா," என்று காதருகே குனிந்து உரக்கச் சொன்னேன். "அன்னிக்கி நீ சொல்லாத வுட்டிருந்தா எனக்கு இந்தத் தூக்கம் வந்திருக்காதும்மா," என்றார்.

அப்பாவை இரவு பகலாகக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், தோள் கொடுத்துச் சுமந்த ரயில்வே தோழர்களுக்கும், அந்த நாட்களில் என் குழந்தையைப் பார்த்துக்கொண்ட திண்டிவனத்து அண்டை வீட்டாருக்கும் எங்கள் நன்றி.

தம்பி இப்போது சொந்தமாக ஒரு பழைய வேன் ஓட்டுகிறான். அதை வாங்கும் முன் அப்பாவின் சுத்தியலை எடுத்துக்கொண்டு திண்டிவனத்துக்கு வந்து நின்றான். "எனக்கு நல்லாத்தான் கேக்குது. இருந்தாலும் நீ ஒரு தபா வந்து கேளுக்கா," என்றான். போய், ஒரு இடம் விடாமல் தட்டச் சொல்லிக் கேட்டேன். திதி முடிந்ததும் வெளியூர் உறவினர்களை அந்த வேனில்தான் அவரவர் வீட்டில் கொண்டுபோய் விடுவான். நாங்கள் கேட்ட வரையில் எல்லாம் கணீரென்றுதான் ஒலித்தது. ஆனாலும், வீடு போய்ச் சேர்ந்ததும் ஒரு தபால் கார்டு போட்டுவிடுங்கள்.