மந்திரித்த மூன்று வாழைமரங்கள்

என் தங்கை ஜெசிந்தா ஒரு தடவை காவிரியில் முழுகிப் போனாள். முழுக வைத்தவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஜெபக் கூட்டத்தில் சாட்சி சொல்ல எழுந்திருக்கும்போதெல்லாம் இந்த இடத்தை மட்டும் விழுங்கிவிட்டு மீதியைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். பத்து வருஷம் அப்படியே ஓட்டியாச்சு. இனிமேல் முடியாது.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போதெல்லாம் ஆடிப்பெருக்கு கழிந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்துக் காவிரியில் தெப்பப் பந்தயம் வைப்பார்கள். மூன்று வாழைமரத்தைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு மூங்கில் முளையைக் குறுக்கே அடித்துக் கோத்துவிட்டால் தெப்பம் தயார். ஒரு தெப்பத்துக்கு இரண்டு பேர். மேலூர்க் கரையில் ஏறி அம்மா மண்டபத்துப் படித்துறையில் இறங்க வேண்டும். பெண்களுக்கு என்று தனியாக ஒரு பந்தயம் உண்டு. ஜனங்கள் சிரிக்கட்டும் என்றுதான் அதை ஆரம்பித்தார்கள். நான் அதில் கலந்துகொண்ட பிறகு யாரும் சிரிக்கவில்லை. மற்றவர்கள் உட்கார்ந்து கையால் துழாவிக்கொண்டு போவார்கள். நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒற்றைக் கழியோடு முன்னால் நின்றபடியே போவேன். அலை தூக்கும்போது முட்டியை மடக்கினால் போதும், தெப்பம் தானாக வழுக்கிக்கொண்டு ஓடும். நாலு வருஷம் தொடர்ந்து முதல் பரிசு. ‘நிக்கிற ரெஜினா’ என்றால் கரையில் எல்லோருக்கும் தெரியும். தலைக்கனம் ஏறாமல் இருக்குமா? ஏறியது.

நாலு வருஷமும் இரண்டாவதாக வந்தவள் பொன்னம்மா. லால்குடிப் பக்கம் விவசாயக் குடும்பம். நாத்தனாரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வருவாள். நான் அவளைச் சும்மா விடமாட்டேன்.

“என்ன பொன்னம்மா, இந்த வருஷமும் என் முதுகுதானா?”

“உங்க முதுகு பார்க்க நல்லாத்தாங்க இருக்கு” என்று சிரித்துவிட்டுப் போவாள். அந்தச் சிரிப்பு எனக்கு எரிச்சலாக இருக்கும்.

ஐந்தாவது வருஷம் என்னோடு வரும் தோழி கல்யாணமாகி மதுரைக்குப் போய்விட்டாள். வேறு ஆள் கிடைக்கவில்லை. ஜெசிந்தாவைக் கூப்பிட்டேன். அவளுக்குப் பதினேழு வயசு. நான் சொன்னால் எதையும் செய்வாள். அம்மா தடுத்தாள்.

“கரையோரமாத்தாம்மா போவோம். அவளுக்கு நல்லா நீச்சல் தெரியும்” என்றேன். இரண்டுமே பொய். ஜெசிந்தாவுக்கு இடுப்பளவு தண்ணீரில் கை காலை அடிக்கத்தான் தெரியும்.

பொய் போதாதென்று ஒரு பைத்தியக்காரத்தனமும் செய்தேன். அந்த வாரம்தான் எங்கள் மாதா கோவில் பங்குத் திருவிழா முடிந்திருந்தது. கோவில் வாசல் வளைவில் கட்டிய வாழைமரங்கள் அப்படியே நின்றன. கொடியேற்றத்தன்று சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்த மரங்கள். இவற்றில் தெப்பம் கட்டினால் என்னை யார் ஜெயிக்க முடியும் என்று எனக்குத் தோன்றியது. கோவில் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் கோவில்பிள்ளையிடம் போய்க் கேட்டேன்.

“வேண்டாம்மா” என்றார் அவர். “பத்து நாள் வெயில்ல நின்ன மரம். மட்டையெல்லாம் தளர்ந்து போச்சு. முளை பிடிக்காது. புதுசா வெட்டிக்கங்க.”

“மந்திரிச்ச மரம் அண்ணே. அது கைவிடாது.”

அவர் தலையில் அடித்துக்கொண்டார். நான் மரத்தோடு வந்துவிட்டேன்.

பந்தயத்தன்று தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடியது. முக்கொம்பு அணையில் கூடுதலாகத் திறந்துவிட்டிருப்பதாகப் பேசிக்கொண்டார்கள். தெப்பத்தில் ஏறியதும் ஜெசிந்தா என் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, இது ஒரு பக்கமா சாயுதுக்கா” என்றாள். “பேசாம உக்காரு” என்றேன்.

பாதி தூரம் நாங்கள்தான் முன்னால். பிறகு காலுக்கடியில் நெளிவது தெரிந்தது. முளை அடித்த இடத்தில் மட்டை கிழிந்துகொண்டு வந்தது. வேறு யாராக இருந்தாலும் கரைப் பக்கம் ஒதுங்கியிருப்பார்கள். எனக்குப் படித்துறை கண்ணுக்குத் தெரிந்தது, அங்கே கூட்டம் என் பெயரைச் சொல்லிக் கத்துவதும் கேட்டது. கழியை இன்னும் அழுத்தி ஊன்றினேன். வலது பக்கத்து மரம் அப்படியே கழன்று போனது. ஜெசிந்தா அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தாள். ஒரு சத்தம்கூட வரவில்லை. திரும்பிப் பார்த்தேன், ஆள் இல்லை.

குதித்தேன். முழுகினேன். கண்ணைத் திறந்தால் சேறு. கையில் தண்ணீரைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை. மேலே வந்து மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடியும் முழுகினேன். மூன்றாவது தடவை மேலே வந்தபோது படித்துறையைத் தாண்டிவிட்டேன் என்று தெரிந்தது. எதிரே பாலத்துத் தூண்கள். தண்ணீர் அங்கே இரைந்துகொண்டிருந்தது. தூணில் மோதினால் அவள் பிழைக்கமாட்டாள்.

நாலு வருஷமாக நான் வேண்டிக்கொண்டதெல்லாம் ஒன்றே ஒன்று, என்னை ஜெயிக்க வை. அன்றைக்குச் செபமாலை மறந்துவிட்டது, மனப்பாடம் செய்த எதுவும் வாயில் வரவில்லை. “மாதாவே, அவளைக் குடு” என்று கத்தினேன். “எனக்கு ஒண்ணும் வேண்டாம். அவளைக் குடு.” வாய்க்குள் தண்ணீர் போயிற்று. அப்போதும் அதையேதான் சொன்னேன்.

அப்போது என்னைத் தாண்டி ஒரு வாழைமரம் தனியாகப் போனது. பச்சைப் பசேலென்று, அன்று காலையில் வெட்டிய மரம். நடு ஆற்றில் வேகமாகப் போனது. தூணுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மஞ்சள் ரிப்பன் மேலே வந்தது. ஜெசிந்தாவின் ரிப்பன். அவள் கை நீண்டது. அந்த மரம் அந்தக் கைக்குள் போய் நின்றது. அவள் கட்டிக்கொண்டாள். இரண்டு தூணுக்கு நடுவில் மரமும் அவளுமாகப் புகுந்து அந்தப் பக்கம் போனார்கள். நான் நீந்திப் போய்ச் சேர்வதற்குள் கரையில் இருந்தவர்கள் கயிறு வீசிவிட்டார்கள்.

கரையில் அவள் வாந்தி எடுத்துவிட்டு, “அக்கா, திட்டாதே” என்றாள். நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அந்த மரம் எங்கிருந்து வந்தது? பொன்னம்மாவின் தெப்பத்திலிருந்து. ஜெசிந்தா விழுந்ததைப் பின்னால் வந்த அவள் பார்த்திருக்கிறாள். எங்களைத் தாண்டிப் போனால் முதல் பரிசு அவளுக்குத்தான். அவளோ முளையைப் பிடுங்கித் தன் தெப்பத்தை உடைத்து, ஒரு மரத்தை அதே ஓட்டத்தில் தள்ளிவிட்டாள். மீதி இரண்டு மரத்தில் தட்டுத்தடுமாறி அவளும் நாத்தனாரும் கரையேறினார்கள். மூன்றாவதாக வந்துகொண்டிருந்த யாரோ ஜெயித்தார்கள். யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பொன்னம்மாவின் கையைப் பிடித்தேன்.

“எங்க ஊர்ல யாராச்சும் விழுந்தா பின்னாடி குதிக்க மாட்டோங்க. கட்டையத்தான் விடுவோம்” என்றாள். “ஆளு போற தண்ணியிலதான் கட்டையும் போகும். மேல போறது சீக்கிரமாப் போய்ச் சேந்துரும்.”

அன்று வீட்டில் அம்மாவிடம் எல்லாப் பொய்யையும் ஒப்புக்கொண்டேன். கன்னத்தில் அறைந்தாள். பிறகு இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். அடுத்த வாரம் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். மந்திரித்த மரம் ஏன் கைவிட்டது சாமி என்று கேட்டேன். “மரத்துமேல பழியைப் போடாதே. பேச்சைக் கேக்காதது நீதானே” என்றார்.

அந்த வருஷமே ஜெசிந்தாவுக்கு ஒழுங்காக நீச்சல் சொல்லிக் கொடுத்தேன். அடுத்த ஆடியில் பொன்னம்மா வீட்டுக்குப் போய், என்னோடு சேர்ந்து வருவாளா என்று கேட்டேன். வந்தாள். எண்பதுகளில் நாங்கள் ஜெயித்ததும் உண்டு, தோற்றதும் உண்டு. தோற்ற அன்றைக்கும் எனக்குத் தூக்கம் வந்தது.

இதைப் படிக்கும் சகோதர சகோதரிகளே, உங்களுக்கும் ஒரு வெள்ளம் வரும். கூச்சப்படாமல் கத்திக் கேளுங்கள், தாய் கேட்பாள். நான் கேட்டபோது பதில் எங்கள் கோவில் வாசலிலிருந்து வரவில்லை. நாலு வருஷமாக நான் கேலி செய்தவளின் தெப்பத்திலிருந்து வந்தது. உங்களுக்கு வருவதும் அப்படி வரலாம். யாருடையது என்று பார்த்துக்கொண்டிருக்காமல் கையை நீட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள்.