முந்திப் போன சாவுச் சேதி

எங்கள் ஊரில் வயசானவர்கள் யாரும் சொல்லிக்கொண்டு போனதில்லை. நேற்று கருவாட்டுக்காரியிடம் மல்லுக்கு நின்ற கிழவி, காலையில் பார்த்தால் கட்டையாகக் கிடப்பாள். எதிர்வீட்டுக்காரர் ஏற்றம் இறைத்துக்கொண்டிருந்தவர், பாட்டுச் சத்தம் நின்றுபோயிற்றே என்று போய்ப் பார்த்தால் கிணற்றுமேட்டில் சரிந்து கிடந்தார். இதற்கெல்லாம் யாரை நோவது? வேளை வந்தது, போனார்கள். எங்கள் பெரிய மாமனாருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவரை வழியனுப்பத்தான் எத்தனை பேர் மெனக்கெட்டார்கள்! இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

பெரிய மாமனார் என்றால் என் மாமனாருக்கு அண்ணன். பெண்சாதி செத்து, பிள்ளைகுட்டி இல்லாமல் தம்பி வீட்டிலேயே இருந்தார். நல்ல மனுஷர் என்று ஒருத்தரும் சொல்லமாட்டார்கள். வாயைத் திறந்தால் காது கூசுகிற பேச்சு. என் ரசத்தை முதல்நாள் குடித்துவிட்டு, “இன்னாடி இது, மாடு கழுவின தண்ணியா?” என்று கேட்டவர். நான் விடுவேனா? “மாடு குடிச்சிட்டு நல்லாருக்குன்னு சொல்லிச்சி மாமா” என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் சண்டை போடாத நாள் இல்லை. அந்த வீட்டில் என்னோடு மனசு விட்டுப் பேசியது அவர் ஒருத்தர்தான். கழனியிலிருந்து வரும்போது வேட்டி மடியில் மல்லாட்டைக் கடலை கொண்டுவந்து என் முன்னால் கொட்டுவார். “தின்னு, தின்னாவது வாய் மூடியிருக்கும்” என்பார். அவரை மாமா என்றே கூப்பிடுவேன்; எனக்கு அவர்மேல் உயிர்.

என்னை அவர் கூப்பிடுவது இங்கிலீஷ்காரி என்று. நான் பிறந்த ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம். பாகூர்ப் பக்கத்தில் அப்போது ஒரு வரப்பு பிரெஞ்சுக்காரனுடையது, அடுத்த வரப்பு இங்கிலீஷ்காரனுடையது. பெண் கொடுப்பதும் எடுப்பதும் இரண்டு பக்கமும் உண்டு. நடுவில் சுங்கச்சாவடி. பொழுது சாய்ந்தால் பாதையில் மூங்கிலைக் கட்டிவிடுவார்கள். அப்புறம் விடிந்தால்தான் அவிழ்ப்பார்கள். கல்யாணமானால் என்ன, சாவானால் என்ன, சாவடிக்காரனுக்கு எல்லாம் ஒன்று.

இதனால் எங்கள் ஊரில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. யாருக்காவது இழுத்துக்கொண்டிருந்தால், வைத்தியர் நாடியைப் பார்த்துக் கையை விட்டதுமே எல்லோரும் பொழுதைப் பார்ப்பார்கள். பிணம் காத்திருக்காது, மூங்கில் விழுந்தால் சேதி போகாது. அதனால் உயிர் இருக்கும்போதே சாவுச் சேதியை அந்தப் பக்கத்து உறவுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆள் போய்ச் சேருவதற்குள் எப்படியும் முடிந்துவிடும் என்று கணக்கு. யாரும் இதைத் தப்பென்று நினைத்ததில்லை.

அது மார்கழி மாசம். காலையில் நான் கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். அவர் வேப்பங்குச்சியோடு வந்தார். “ஏண்டி இங்கிலீஷ்காரி, தண்ணி...” என்றார். மிச்சப் பேச்சு குழறிப்போயிற்று. வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. வலது கையிலிருந்து குச்சி விழுந்தது. நான் ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் ஈரத்தில் உட்கார்ந்துவிட்டார். கண் மட்டும் என்னையே பார்த்தது. அதில் பயம் இருந்தது. அந்த மனுஷர் கண்ணில் பயத்தை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

தூக்கிவந்து கூடத்தில் போட்டார்கள். வைத்தியர் வந்தார். இடது கையால் வைத்தியரின் துண்டைப் பிடித்து இழுக்கிறார் மாமா, அப்போதே வைத்தியர், “நாடி வுழுந்துடுச்சிப்பா. ராப்பொழுது தாண்டாது” என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டார்.

“வண்டி கட்டி பாகூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டும்போலாம்” என்றேன் மாமனாரிடம்.

“அங்க செத்தா அறுத்துப் பாத்துட்டுதான் குடுப்பான் வெள்ளக்காரன். எங்க அண்ணன் ஒடம்ப அறுக்கச் சொல்றியா?”

“செத்தாத்தானே அறுப்பான்? சாவறதுக்கா கொண்டும்போறோம்?”

என் புருஷன் என் முழங்கையைப் பிடித்துத் திருகினான். “பெரியவங்க பேசறப்ப நடுவுல இன்னா ஒனக்கு? உள்ள போ” என்றான். போனேன். அங்கே அடுப்பண்டை மாமியார் எனக்குக் கணக்கைச் சொன்னாள். சின்ன நாத்தனாருக்குத் தையில் கல்யாணம். மாப்பிள்ளை வேறு யாருமில்லை, எல்லைக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்த மாமாவின் சொந்தத் தங்கச்சி மகன்.

“இப்பப் போனாருன்னா பதினாறு முடிச்சித் தை கடைசியில தாலி கட்டிடலாம். இழுத்துக்கினு கெடந்து தையில போனா பதினாறு முடியறதுக்குள்ள தை ஓடிடும், குறிச்ச மாசம் தப்பினா கல்யாணம் ஒரு வருசம் நின்னுபோவும். அதுக்குள்ள அவன் வேற எடம் பாத்துடுவான். எம் பொண்ணு கதி இன்னாவறது?” என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. அரிசி களைந்துகொண்டே சொன்னாள். ஒரு மனுஷன் உயிரோடு கிடக்கும்போது இப்படியும் பேச வருமா?

பொழுது மேற்கே இறங்கியது. சாவுச் சேதி சொல்லும் ஆளை வரச்சொல்லி வாசலில் நிறுத்தியிருந்தார்கள். வயசான ஆள். உள்ளே எட்டிப்பார்த்தார். மாமா காலை அசைத்ததை அவரும் பார்த்தார்.

“அசையறாரே சாமி. போயிட்டாருன்னா சொல்றது?”

“போயிடுவாரு. நீ போய்ச் சேர்றதுக்குள்ள போயிடுவாரு. மூங்கிலு வுழுந்துடும், கெளம்பு” என்றார் என் மாமனார்.

அந்த ஆள் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். சாவடி தாண்டிப் போய் அவர்கள் வாசலில் நின்று சேதியைச் சொல்லியும்விட்டார். அவரை என்ன சொல்வது? சொன்னதைச் செய்தார்.

மாமா சாகவில்லை. ராத்திரி முழுக்கக் குறட்டை விட்டார். விடிந்ததும் நான் கேழ்வரகுக் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சிக்கொண்டு போனேன். படுத்தபடி கொடுத்தால் புரை ஏறி இருமினார். தூக்கி என் தோளில் சாய்த்து உட்காரவைத்து, கோணாத பக்கத்துக் கடைவாயில் விரலால் கொஞ்சங்கொஞ்சமாக வைத்தேன். விழுங்கினார். இன்னும் கொஞ்சம் வைத்தேன், அதையும் விழுங்கினார். அரைக் கிண்ணம் போயிற்று. வழிந்ததை முந்தானையால் துடைத்தபோது இடது கையால் என் கையைத் தட்டிவிட்டார், பழைய கோபத்தோடு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிழைத்துக்கொள்வார் என்று நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்தாள். “ம்” என்றாள். போய்விட்டாள்.

வெயில் ஏறுவதற்குள் தெருமுனையில் பறைச் சத்தம் கேட்டது. சேதி கேட்டு, மூங்கில் அவிழ்ந்ததும் இரண்டு வண்டி நிறைய உறவு கிளம்பி வந்திருந்தது. மாமாவின் தங்கச்சி முன்னால். தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, மாரில் அடித்துக்கொண்டு, “என்னப் பெத்த அண்ணே, என்ன வுட்டுட்டுப் போனியே” என்று ஒப்பாரியோடு வாசற்படி ஏறினாள். பின்னால் வந்த பொம்பளைகள் கையில் கோடித்துணி, வாய்க்கரிசி. கூடத்துக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். என் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்த பிணம் அவளைத் திரும்பிப் பார்த்தது.

ஒப்பாரி நின்றது. பறையும் நின்றது. மாமா கோணல் வாயைக் கஷ்டப்பட்டுத் திறந்து, எச்சில் ஒழுக, “எவண்டி... செத்தான்?” என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் சேர்ந்து வந்தது. “ஒருத்தனும் சாவல மாமா, எல்லாரும் உங்களப் பாக்க வந்திருக்காங்க” என்றேன். யாராவது ஒரு பிறவியாவது “அப்பாடா, பிழைச்சிக்கிட்டாரு” என்று சொல்லும் என்று பார்த்தேன். வந்த கிழவி ஒருத்தி, “சாவறதுக்கு முன்ன இப்பிடித்தான் கொஞ்சம் தெளியும்” என்றாள். அவ்வளவுதான். எல்லோர் முகத்திலும் நிம்மதி வந்தது. நாசமாய்ப் போக!

மாமனாரும் தங்கச்சியும் புழக்கடைக்குப் போய்ப் பேசினார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நான் சாம்பல் கொட்டப்போன சாக்கில் நின்றேன்.

“இத்தினி சனத்தையும் திருப்பி அனுப்பிட்டு, இன்னும் பத்து நாளு கழிச்சி மறுபடி சாவுன்னு சொல்லி அனுப்பறதா? ஊரு காறித் துப்பும்” என்றார் மாமனார்.

“ஒப்பாரி வெச்ச வூட்டுல அவரு ஒக்காந்துக்கினு இருக்கக்கொள்ள, எப்பிடிண்ணே பந்தக்கால் நடுவ? எங்க வூட்டுல அவங்க ஒத்துக்கமாட்டாங்க” என்றாள் தங்கச்சி. அவளும் அழுதுகொண்டேதான் சொன்னாள்.

“வந்தவங்க பாலாவது ஊத்திட்டுப் போவட்டும். அவரு மனசு எதுலயோ மாட்டிக்கினு கெடக்குது. பால் எறங்கினா உசுரு போயிடும்” என்றார் மாமனார்.

சாகிற உயிர் சுலபமாகப் பிரியட்டும் என்று உறவுக்காரர்கள் ஆளுக்கொரு வாய் பால் ஊற்றுவது வழக்கம். நானும் எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். ஆனால் அதெல்லாம் நினைவு தப்பிக் கிடந்தவர்களுக்கு. இவர் கஞ்சி குடித்தவர். என்னைத் தட்டிவிட்டவர். எவன் செத்தான் என்று கேட்டவர்.

நான் ஓடிவருவதற்குள் அவரை மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டார்கள், தலையைத் தெற்கே வைத்து. தங்கச்சி பாலாடைக் கிண்ணத்தில் பாலை மொண்டு குனிந்தாள். அவர் பல்லைக் கடித்து வாயை இறுக்கிக்கொண்டார். என் மாமனார் தாடையை அழுத்தித் திறந்தார். முதல் வாய் போயிற்று. இருமினார். மூக்கில் பால் வந்தது. இடது கையை வீசிப் பாலாடையைத் தட்டிவிட்டார்.

“அவரு கையப் புடிடா” என்றார் மாமனார்.

என் புருஷன் மண்டிபோட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அய்யோ, ஒக்கார வெச்சிக் குடுங்க! படுத்தாப்புல ஊத்துனா பொற ஏறும்! அவரு சாவல, பாவிங்களா, சாவல!” என்று கத்தினேன். மாமியார் என் கொண்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ச் சமையற்கட்டில் தள்ளி வழியில் நின்றுகொண்டாள். “கல்யாண வூட்டுல கண்டதையும் பேசாதடி” என்றாள். அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். ஒருத்தர் பின் ஒருத்தராக வரிசையில் வந்தார்கள். குனிந்தார்கள், ஊற்றினார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தார்கள். ஒவ்வொருத்தருக்கும் அவர் கால் பாயில் உதைத்தது. தொண்டையில் தண்ணீர் கொதிப்பது போலச் சத்தம் கேட்டது. “எறங்குது, எறங்குது” என்று அந்தக் கிழவி சொல்லிக்கொண்டே இருந்தாள். ஊற்றாதவர்கள் இன்னும் நாலைந்து பேர் இருக்கும்போதே கால் நின்றுபோயிற்று. அவர்களும் விடவில்லை, ஊற்றிவிட்டுத்தான் நகர்ந்தார்கள்.

தங்கச்சி மறுபடி மாரில் அடித்துக்கொண்டு, வாசற்படியில் விட்ட இடத்திலிருந்து ஒப்பாரியை எடுத்தாள். வெளியே பறை அடித்தார்கள். கொண்டுவந்த கோடி வீணாகவில்லை.

பொழுது சாய்வதற்குள் காரியத்தை முடித்தார்கள். வந்த வண்டிகள் மூங்கில் விழுமுன் சாவடியைத் தாண்டவேண்டுமல்லவா? “எல்லார் கையாலயும் பால் குடிச்சிட்டுப் போனாரு, எவனுக்குக் கெடைக்கும் இந்தச் சாவு!” என்று வண்டியில் ஏறும்போது ஒருவர் என் மாமனாரிடம் சொன்னார். மாமனார் தலையை ஆட்டினார்.

குளித்துவிட்டு வந்த என் புருஷன் விளக்குக்கிட்டே உட்கார்ந்து கையை நீட்டினான். மணிக்கட்டில் நாலு நகம் ஆழமாகப் பதிந்து, தோல் பிய்ந்து, ரத்தம் கட்டியிருந்தது.

“எரியுது. மஞ்ச அரச்சிப் போடு. போற உசுருக்கு இன்னா பலம் பாரேன்” என்றான்.

“போற உசுருக்கு இவ்ளோ பலம் இருக்குமா? நீயே சொல்லு.”

கையை இழுத்துக்கொள்வான், அடிப்பான் என்று நினைத்தேன். அவன் அந்தக் காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“தெரியும்டி. புடிச்சிக்கினு இருந்தவனுக்குத் தெரியாதா? எந் தங்கச்சி கல்யாணம் நடக்க வேணாமா?” என்றான்.

மஞ்சள் அரைத்துப் போட்டேன். காயம் ஆறிற்று. சொன்னபடி தை கடைசியில் கல்யாணமும் நடந்தது. அந்தக் கைக்குத்தான் அவன் சாகிறவரை நான் சோறு போட்டேன்.