ஈஸ்டர் கழித்துச் சேர்ந்த வேலை

அண்ணனின் முதலாண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் அலுவலக நண்பர்களுக்கும் வணக்கம். நான் அவருடைய ஒரே தங்கை. இப்படிப்பட்ட மலரில் போனவர் எவ்வளவு நல்லவர் என்று எழுதுவது வழக்கம். அண்ணன் நல்லவர்தான், அது உங்களுக்கே தெரியும். எனக்குப் பூசி மெழுகி எழுத வராது. குன்றத்தூரில் என் மாமியார் வீட்டிலும் சரி, ஒரகடத்தில் நான் மேற்பார்வை பார்க்கும் கம்பெனி கேன்டீனிலும் சரி, என் வாய்க்குப் பயப்படாதவர்கள் குறைவு. அதனால் எங்கள் வீட்டில் இருபது வருடத்துக்கு மேல் மூடி வைத்திருந்த ஒன்றை இங்கே எழுதுகிறேன். அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது ஒரகடத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவே உள்ள எங்கள் ஊரில். அப்பா அரசு அலுவலகத்தில் கடைநிலை ஊழியர். அண்ணன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருடம், வேலையில் இருக்கும்போதே அப்பா இறந்துபோனார். அடுத்த ஆறாவது மாதம் அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வந்தது. நாங்கள் சாப்பிட்டது, நான் படித்தது, எனக்குக் கல்யாணம் நடந்தது எல்லாம் அதில்தான். அண்ணன் கிடைத்த வேலைக்கெல்லாம் போனார். கொத்தனாருக்குக் கையாளாக நின்றார், லாரி செட்டில் கணக்கு எழுதினார். கருணை அடிப்படையில் அப்பாவின் வேலையைத் தனக்குக் கேட்டு மனு போட்டுவிட்டு வருடக்கணக்கில் அலைந்தார். நேரில் போய் கேட்கும் ஒவ்வொரு முறையும் "பரிசீலனையில் உள்ளது" என்றார்கள்.

வேலை உத்தரவு வந்தது ஒரு மார்ச் மாதக் கடைசி வாரத்தில். பதிவுத் தபாலில் வந்தது. அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மாதா படத்துக்கு முன்னால் வைத்தார். அப்போது தவக்காலம், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பு. தவக்காலத்தில் எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் கல்யாணம் வைக்க மாட்டோம், சாமியாரைக் கூப்பிட்டுப் புதுவீடு மந்திரிக்க மாட்டோம். வேலையில் சேரக் கூடாது என்று எந்தச் சாமியாரும் சொன்னதில்லை. அதையும் சேர்த்துக்கொண்டது எங்கள் வீட்டு வழக்கம்.

"முப்பது நாள் டைம் போட்டுகீது இல்ல? இத்தினி வருசம் காத்துகினு இருந்தோம், ஈஸ்டர் கழிச்சி சேந்துக்கோ. ஆண்டவரு உயிர்த்த பொறவு நல்லபடியா தொடங்குவோம்" என்றார் அம்மா.

அண்ணன் என்னைப் பார்த்தார். அன்று அம்மா வீட்டுக்கு வந்திருந்த நான் மட்டும் என்ன, "ஆமாண்ணா, ஈஸ்டருக்கு எடுக்கற புதுச் சட்டையையே போட்டுகினு போ" என்று ஒத்து ஊதினேன். ஆக, பழியில் எனக்கும் பாதி உண்டு. ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை, நீலக் கோடு போட்ட சட்டையில் அண்ணன் ஸ்ரீபெரும்புதூர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார். உத்தரவு வந்ததிலிருந்து இருபத்தைந்தாவது நாள்.

அடுத்த சில மாதங்களில் அரசாணை வந்தது. அந்த வருடம் ஏப்ரல் ஒன்றாம் தேதியும் அதற்குப் பிறகும் வேலையில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது, சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் பங்களிப்புத் திட்டம்தான் என்று அதில் இருந்தது. ஆணை வந்தது பின்னால், கணக்கு ஏப்ரலிலிருந்து. அண்ணன் நேராகக் குன்றத்தூருக்கு என் வீட்டுக்கு வந்தார். வந்தவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"வெறும் இருவத்தஞ்சு நாள்மா. உத்தரவு வந்த மறுநாளே போயி சேந்திருந்தா அப்பா மாரியே எனக்கும் பென்ஷன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இப்பவே வந்து அம்மாவ நாலு வார்த்த கேக்கறேன்" என்று செருப்பை மாட்டினேன். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கேட்டு? தேதி மாறுமா? அம்மா காதுக்கு இது போவவே கூடாது. எம்மேல சத்தியம் பண்ணு."

அன்று பண்ணிய சத்தியம் அவர் இறக்கும்வரை நின்றது. இது தெரியாத அம்மா, கோயில் முடிந்து வெளியே நிற்கும் உறவுக்காரப் பெண்களிடம் "எம் புள்ளைக்கு இன்னா கவல, அவங்கப்பா மாரியே கடைசி வரைக்கும் பென்ஷன் வரும்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பார். அண்ணன் பக்கத்திலேயே நின்று தலையாட்டுவார். டிவியில் ஓய்வூதியம் பற்றிச் செய்தி ஓடினால் ரிமோட்டைத் தேடுவார்.

இதில் ஒரு கொடுமை என்னவென்றால், பதவி உயர்வு பெற்று எழுத்தரான பிறகு அலுவலகத்தில் அண்ணனுக்குக் கொடுத்த வேலையே ஓய்வு பெறுகிறவர்களின் ஓய்வூதியக் காகிதங்களைத் தயார் செய்வதுதான். முப்பது வருடப் பணிப்பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்து, விட்டுப்போன கையெழுத்தைத் தேடி வாங்கி, குடும்பப் புகைப்படம் ஒட்டி, ஒரு குறையும் வராதபடி அனுப்புவார். அவர் அனுப்பிய காகிதம் திரும்பி வந்ததில்லை என்று அவருடைய ஹெட் கிளார்க் மேடம் அண்ணனின் அடக்கத்தன்று என்னிடம் சொல்லி அழுதார்.

ஒருநாள் மதியம் அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டு போயிருந்தேன். வாட்ஸ்அப்பில் ஏதோ வதந்தி சுற்றிய நேரம். எல்லாருடைய ஓய்வூதியத்தையும் பாதியாக வெட்டப் போகிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் போனை நீட்டிக்கொண்டு நின்றார்.

"நெசமா சார்? நிறுத்திடுவாங்களா? நானும் எங்க வூட்டம்மாவும் அத நம்பித்தான் கீறோம்."

"எவனோ வேல இல்லாதவன் போட்டுகீறான் பெரியவரே. உங்களுத யாரும் தொட முடியாது. தைரியமா போயி சாப்புட்டு தூங்குங்க" என்றார் அண்ணன்.

அவர் போனதும் நான் கேட்டேன். "ஊருக்கெல்லாம் தைரியம் சொல்றியே, உனக்கு யாருணா சொல்லுவாங்க?"

"அதான் நீ கீறியே திட்டறதுக்கு. அதுவே போதும்" என்று சிரித்துவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தார்.

சிரித்தாரே தவிர, உள்ளே அரித்துக்கொண்டேதான் இருந்தது. ஒவ்வொரு தேர்தலிலும் பழைய ஓய்வூதியம் திரும்பி வரும் என்றார்கள். ஒவ்வொரு பட்ஜெட்டிலும் இந்தமுறை நிச்சயம் என்றார்கள். குழு போட்டார்கள், குழுவுக்குக் கால நீட்டிப்புப் போட்டார்கள். அண்ணன் எல்லா ஆர்ப்பாட்டத்துக்கும் போனார். ஒருமுறை எல்லாரையும் கைது செய்து கல்யாண மண்டபத்தில் வைத்துவிட்டு மாலையில் விட்டார்கள். அங்கிருந்து எனக்குப் போன் செய்தார். "உன் கல்யாணம் நடந்துச்சே, அதே மண்டபம்தாம்மா. அன்னிக்கு போட்ட சாப்பாட்டுக்கு இன்னிக்கு போலீஸ்காரன் போட்ட சாப்பாடு தேவல." நான் சிரித்துவிட்டேன். போனை வைத்த பிறகுதான் அழுகை வந்தது.

எங்களைப் போலத் தனியார் கம்பெனியில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த ஏக்கம் புரியாது என்று அண்ணன் சொல்வார். எங்களுக்கு முதலிலிருந்தே இல்லை. அவருக்குக் கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போனது.

எதிர்காலத்துக்கு என்று கடன் வாங்கி மாடியில் மூன்று அறை கட்டினார். ஒரகடம் கம்பெனிகளுக்குத் தெற்கேயிருந்து வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடலாம், அதுதான் என் பென்ஷன் என்றார். கம்பெனியில் ஆள் குறைத்தால் அறையும் காலியாகிவிடும். இரண்டு அறை மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. கடனுக்கு மட்டும் பூட்டு இல்லை. நெஞ்சு வலி அப்போதுதான் தொடங்கியது. "டாக்டர் கவலயே படக் கூடாதுன்றாரு. அத ஒரு சீட்டுல எழுதி கவர்மென்ட்டுக்கு அனுப்புங்கன்னு சொல்லிட்டு வந்தேன்" என்று அண்ணியிடம் சொன்னாராம்.

ஓய்வு பெற இன்னும் ஐந்து வருடம் இருந்தது. போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து காப்பி குடித்தவர் அப்படியே சாய்ந்தார். மாடியில் குடியிருக்கும் சங்கரன்கோவில் பக்கத்து முத்தையாதான் தன் வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார். கம்பெனி லாரிகள் வரிசையாக நின்ற அந்த ரோட்டில் எவ்வளவு வேகமாகப் போக முடியும்? "அண்ணாச்சி, கண்ண மூடிராதிய, இந்தா வந்துட்டு ஆசுபத்திரி" என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே ஓட்டினாராம். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேரும்போது அண்ணன் உயிரோடு இல்லை. ஐயோ, என் அண்ணா!

அடக்கம் முடிந்த பிறகு அம்மா சாப்பாட்டைத் தொடவில்லை. சர்க்கரை மாத்திரையைத் துப்பினார். "பெத்தவ குத்துக்கல்லாட்டம் கீறேன், புள்ள போயிட்டான். என்னிய எடுத்துக்கோ ஆண்டவரே" என்பதுதான் ஜெபம். நாலு மாதத்தில் ஆள் பாதியானார். எழுந்து உட்கார்ந்தால் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"மருமவளுக்கு பென்ஷன் ஆர்டர் வந்துச்சா?"

"பைல் போயிகினு கீது அத்தை" என்பார் அண்ணி. எத்தனை நாளைக்கு அப்படிச் சொல்ல முடியும்? அண்ணன் சம்பளத்தில் பிடித்து வைத்திருந்தது ஒரே தொகையாக வந்தது, வீட்டுக் கடனுக்குப் போனது. மாதாமாதம் பென்ஷன் என்று எதுவும் கிடையாது, அம்மாவுக்கு வரும் பென்ஷனில்தான் வீடு ஓடுகிறது. பாப்பா, அதாவது அண்ணன் மகள், நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். அண்ணி கருணை அடிப்படையில் வேலை கேட்டு மனு கொடுத்திருக்கிறார். அதே "பரிசீலனையில் உள்ளது". புதுத் திட்டம் ஒன்று வந்திருப்பதாகச் சொல்கிறார்கள். ஏற்கெனவே இறந்தவர்களின் குடும்பத்துக்கு அது உண்டா என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

ஆறாவது மாதம் அம்மா எழுந்து புடவை மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். "உங்கப்பா போனப்ப ஆறு மாசத்துல வந்துச்சு. இன்னா பண்றாங்க அந்த ஆபீசுல? நானே போயி கேக்கறேன், ஆட்டோ கூப்புடு." நிற்க முடியாத உடம்போடு அலுவலகப் படியேறி அத்தனை பேர் முன்னால் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமா? நான் பிடித்து உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சத்தியத்தை உடைத்துவிட்டேன் அண்ணா, வேறு வழி தெரியவில்லை.

"இத்தினி வருசம் எம் முன்னாடி சிரிச்சிகினே இருந்தானேடி" என்றார் அம்மா. அந்த வாரம் கோயிலுக்கு வரவில்லை. சாமியாரே வீட்டுக்கு வந்து, இதில் பாவம் ஒன்றுமில்லையம்மா என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாமியார் வந்துபோன மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டு அம்மா கேட்டார். "எனக்கு வருதே உங்கப்பா பென்ஷன், அது நான் கீற வரைக்கும் வருமா?"

"வரும்மா. யாரும் நிறுத்த முடியாது."

"எனக்கப்புறம் மருமவளுக்கு குடுப்பாங்களா?"

"மாட்டாங்கம்மா. உன்னோட நின்னுடும்."

அம்மா கையை ஊன்றி நேராக உட்கார்ந்தார். பிறகு, "ரெண்டு இட்லி எடுத்தா. அந்த மாத்திரையும் எடுத்தா" என்றார்.

அன்றிலிருந்து அம்மா வேளை தவறாமல் சாப்பிடுகிறார். வாய்க்குப் பிடிக்காமல் கண்ணில் தண்ணீர் வர விழுங்குகிறார். பிடித்துக்கொண்டு கூடத்திலேயே நடக்கிறார். உயிரோடு இருப்பதைக் காட்டும் வருடாந்தர நேர்காணலுக்கு எல்லாருக்கும் முன்னால் போய் நின்றார். இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டியபோதுகூட, "எழுது. தெரியட்டும். இன்னொரு வூட்ல இந்த மாரி நாள் பாக்கக் கூடாது" என்றுதான் சொன்னார்.

வேன் ஓட்டிய முத்தையாவுக்கும், மூன்று நாள் எங்களுக்கெல்லாம் சமைத்துப் போட்ட அவர் மனைவிக்கும், அண்ணனின் காகிதங்களை அவர் செய்ததுபோலவே குறையில்லாமல் முடித்துத் தந்த அலுவலகத்தாருக்கும், பாப்பாவின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கை கொடுத்த எங்கள் கோயில் பங்கு மக்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணனின் ஆன்மா இளைப்பாற வேண்டிக்கொள்ளுங்கள். அம்மாவைப் பார்த்தால், ஆறுதலுக்காகக்கூட "சீக்கிரம் மகனிடம் போய்ச் சேருவீர்கள்" என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். நேற்று மாத்திரை கொடுக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"எனக்கு எம் புள்ள கிட்ட போவணும்னுதாண்டி கீது. பாப்பா படிப்பு முடியட்டும். அது வரைக்கும் நான் சாவக் கூடாது."